தலைவர் நெற்றியில் ஒரு பொட்டு

உலகத்தை மாற்றியவர்கள் எல்லாரையும் நான் அங்குலத்தில்தான் அறிவேன். ஆசையை விடு என்றவர் பெரும்பாலும் பன்னிரண்டுக்குப் பதினாறு. எதிரியையும் நேசி என்றவர் பதினெட்டுக்கு இருபத்துநான்கு. அவரை ஹாலில் மாட்டுவார்கள் என்பதால் அகலமான பிரேம் கேட்பார்கள். கடற்கரைவரை நடந்துபோய் உப்பு அள்ளியவர் எட்டுக்குப் பத்து. அவர் அதிகமும் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர், அங்கே சுவரில் இடம் குறைவு. எங்கள் வரிசையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் கொண்டுவருவதில் முகமே இருக்காது, எழுத்து மட்டும். அந்த எழுத்து பிரேமுக்குள் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்க்கும்போது, என் கடையிலேயே கடினமான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அரசியல்வாதிகள் வேறு ரகம். தேர்தல் முடிந்த மறுவாரம், "பாஸ், இந்த ஆளை எடுத்துட்டு அதே பிரேம்ல இவரை வெச்சுக் குடுங்க" என்று யாராவது வந்துவிடுவார்கள். பிரேம் மாறாது, ஆணி மாறாது. நான் காரணம் கேட்கமாட்டேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் கடை அகலத்தில் ஒரு வேனைவிடக் கொஞ்சம் பெரியது. ஆகவே எல்லாத் தலைவர்களும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். புரட்சி செய்தவருக்கும் பொறுமையைப் போதித்தவருக்கும் நடுவில் ஓர் அட்டைதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர்களுக்குள் ஒரு சத்தம் வந்ததில்லை. கடையில் கேட்கும் சத்தமெல்லாம் என்னுடையது. எனக்குப் பதற்றம் வந்தால் வாயில் ஜோக் வரும். வாடிக்கையாளர்கள் சிரித்துவிடுவார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். நான் ஜோக் அடித்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். பழைய துண்டில் சுற்றிய ஒரு படத்தைக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை அவரே பிரித்தார்; என்னைத் தொடவிடவில்லை.

"தம்பி, இது பிரிண்டு இல்ல. கையால வரைஞ்சது."

பார்த்தேன். கடவுள் இல்லை, யாரைக் கண்டும் பயப்படாதே, உன் மூளையை நீயே பயன்படுத்து என்று சாகும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்ன தலைவர். பென்சில் படம். ஒரு காது மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் கண்கள் நம்மைப் பார்த்தன. தப்பு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவனை அப்பா பார்ப்பாரே, அந்த மாதிரி.

"எங்கப்பா வரைஞ்சது. ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. பேப்பர்ல வந்த போட்டோவைப் பாத்து வரைஞ்சாரு. அவரு வாழ்க்கையில வரைஞ்ச படம் இது ஒண்ணுதான். எங்க வீட்டுல இதுக்குப் பேரே தாத்தா படம்."

பழைய பிரேமைக் கறையான் தின்றிருந்தது. புதிதாகப் போட வேண்டும், கண்ணாடியும் மாற்ற வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் அண்ணன் கிளம்பவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம், தம்பி. ஐயர் இல்ல, ஓமம் இல்ல. ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. மண்டபத்துல இவரு முன்னாடி நின்னு மாலை மாத்திக்கும்ங்க. எனக்கும் இவரு முன்னாடிதான் நடந்துச்சு, பக்கத்துலயே அப்பா நின்னாரு. இப்ப அப்பா இல்ல. இந்தப் படம் வந்துட்டா அவரு வந்த மாதிரி."

"கவலையே வேணாம் அண்ணே, கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்" என்றேன்.

கண்ணை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். நெற்றியைத்தான் கோட்டை விட்டேன்.

ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் என் கடைக்கு என் மனைவிதான் முதலாளி. மற்ற நாட்களில் யார் முதலாளி என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். காலையிலேயே சாலாக் செலாத்தான் வீட்டிலிருந்து வேனில் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, கடலை எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். கடையைக் கழுவினோம். ரம்பம், சுத்தியல், ஆணிப் பெட்டி, கண்ணாடி அறுக்கும் கத்தி, அட்டை வெட்டும் பிளேடு, ஸ்கேல், பிரஷ், பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் வாழை இலைமேல் வரிசையாக அடுக்கினாள். ஒரு வருஷம் நம்மிடம் அடிபட்ட சாமான்களெல்லாம் அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கண்ணாடி கொண்டுவந்து கொடுப்பவர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்ததால், அண்ணனின் படம் கண்ணாடியும் பிரேமும் இல்லாமல் வேலை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் அங்கே வைத்தேன். என் பத்திரத்தைப் பற்றி இதற்குமேல் சொல்வதற்கில்லை.

மனைவி கிண்ணத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து என் கையில் கொடுத்தாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வைங்க. ஒண்ணும் விட்டுடாதீங்க."

இந்த வாக்கியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிற்பாடு நான் இதை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டேன், சாட்சி வரவில்லை.

சந்தனத்துக்கு மோதிர விரல், குங்குமத்துக்கு நடுவிரல். முதல் பத்து பொட்டு பக்தி. அதற்குமேல் அது ஒரு வேகம். ரம்பத்துக்கு வைத்தேன், சுத்தியலுக்கு வைத்தேன். கார்டு மெஷினுக்கு, மின்விசிறி சுவிட்சுக்கு, கல்லாப்பெட்டிக்கு, வெளியே போய் வேனுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. உள்ளே வந்து விற்பனைக்கு இருந்த சாமி படங்களுக்கெல்லாம் கண்ணாடிமேல் வரிசையாக. அந்த வேகத்தில் வேலை மேசைக்குத் திரும்பினேன். ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு மேலே ஒரு நெற்றி காலியாக இருந்தது.

சந்தனம் வைத்தபோது விரலுக்குக் கண்ணாடியின் குளிர்ச்சி தெரியவில்லை, தாளின் சொரசொரப்புத் தெரிந்தது. அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் குங்குமமும் வைத்தாகிவிட்டது. என் கைகள் அவ்வளவு சுறுசுறுப்பு.

தலைவர் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் எதை வேண்டாம் என்று மேடையேறிச் சொன்னாரோ அது நடு நெற்றியில் ஈரமாக மின்ன, வரவேற்பு மேசையில் பன்னீர் தெளிக்க நிறுத்தப்பட்ட பெரியவர் மாதிரி இருந்தார். உண்மையைச் சொன்னால் பொருத்தமாகவே இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மனைவி சூடத் தட்டோடு வந்தாள். "என்னங்க, ஏன் சிலை மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு பெரிய மனுஷனை ஆன்மிகத்துக்குக் கொண்டாந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று.

"இது அந்தக் கிள்ளான் அண்ணன் படம்தானே?"

"நீதான் ஒண்ணும் விட்டுடாதீங்கன்னே."

"மனுஷங்களுக்கு வைங்கன்னு சொன்னேனா?"

நான் இலையிலிருந்த ரப்பரை நோக்கிப் பாய்ந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை எடுங்க. பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"சூடமே இன்னும் காட்டலையே!"

"பொட்டு வெச்சாச்சுல்ல?"

"அப்ப இவருக்கும் பொட்டு வெச்சாச்சு. இவரும் பூஜையிலதான் இருக்காரா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். மத விஷயத்தில் என் மனைவி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவள் அல்ல. "வாயை மூடிட்டு மணி அடிங்க" என்றாள்.

அடித்தேன். என்னைக் காப்பாற்றக்கூடிய அத்தனை கருவிகளும், ரப்பர், பிரஷ், பிளேடு எல்லாம், வாழை இலையில் சாமியோடு சேர்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்த்தன. சூட வெளிச்சம் தலைவர் முகத்திலும் பட்டது. நான் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். யாரிடம் போய் வேண்டுவது? முருகா, இந்தக் குங்குமம் போய்விட்டால் பத்துமலைப் படியேறுகிறேன் என்று சொல்லலாம். ஆனால் கடவுள் அடையாளத்தை அழித்துக்கொடு என்று கடவுளிடமே மனுப் போடுவதா? அதுவும் யாருக்காக? அவர் எழுந்து நின்று, தம்பி, எனக்காக நீ ஒன்றும் வேண்டிக்கொள்ள வேண்டாம் என்பார். இரண்டு பக்கமும் எனக்கு ஆதரவில்லை. மணியை மட்டும் பலமாக அடித்தேன். பூஜை நன்றாக நடந்தது என்று பக்கத்துப் பூக்கடை அக்கா பாராட்டினார்.

மறுநாள் காலையில் இலையிலிருந்து சாமான்களை எடுக்க அனுமதி கிடைத்ததும் மெல்லிய பிரஷை எடுத்தேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. அதன் இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் நின்றது. குங்குமம் உதிரவில்லை. அது அப்படித்தான், போன இடத்தில் குடியேறிவிடும். ரப்பர் போட்டால் தாள் கிழியும். எங்கள் தொழிலில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: வெள்ளை ரொட்டியின் நடுப்பாகத்தை உருட்டி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுப்பது. ஓடிப்போய் ரொட்டி வாங்கி வந்தேன். ஒற்றினேன். ரொட்டி சிவந்தது. அப்பாடா! இன்னொரு உருண்டை, அதுவும் சிவந்தது. மூன்றாவது லேசாக இளஞ்சிவப்பு. நான் சீட்டியடிக்க ஆரம்பித்தேன். நான்காவது உருண்டையைப் பார்த்தேன், அது கறுத்திருந்தது.

கறுப்பு என்றால் பென்சில்.

தலைவர் நெற்றியில் மூன்று சுருக்கங்கள் இருந்தன. இரண்டு முழுசாகப் போய்விட்டன, மூன்றாவது பாதி. ஆள் இருபது வயது குறைந்து தெரிந்தார். நெற்றிச் சுருக்கம் போக இந்த ஊரில் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நான் ஒரு துண்டு ரொட்டியில் முடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைப் பெருமையாகச் சொல்ல முடியாது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையைக் கொஞ்சம் இறக்கி வெட்டினால் நெற்றி மறைந்துவிடுமே என்று ஒன்று வெட்டி வைத்துப் பார்த்தேன். தலைவர் மழைக்குக் கடையோரம் ஒதுங்கி நின்று எட்டிப் பார்ப்பவர் மாதிரி ஆனார். அதை எறிந்துவிட்டு, கோடுகளை நானே போட்டுவிடலாம் என்று பேப்பரில் பழகினேன். வளைவாக மூன்று கோடு, அவ்வளவுதானே! என் கோடுகளெல்லாம் என்னைப் போலவே பதறின. தகவல் தெரிவிக்காமல் கடையை மூடிவிட்டு ஈப்போவிலுள்ள மைத்துனன் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட மனைவியிடம் கேட்டேன்.

"அவங்கப்பா வரைஞ்சதுமேல நீங்க வரையப் போறீங்களா?" என்றாள் அவள், பேப்பரில் இருந்த என் கோடுகளைப் பார்த்து. "பேசாம சொல்லிடுங்க."

"என்னான்னு?"

"நடந்ததை."

"முழுசாவா?"

"பின்ன, தவணையிலயா?"

சொல்லவில்லை. போனை எடுப்பேன், நம்பரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். வெள்ளி மத்தியானம் கண்ணாடி வந்துசேர்ந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது, தைரியத்தைத் தவிர.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். கூடவே அவர் மனைவி. மறுநாள் கல்யாணம் வைத்திருக்கும் பெண்ணின் அம்மா என்று பார்த்ததுமே தெரிந்தது: கையில் இரண்டு பை, தலையில் நிறையப் பூ, நெற்றியில் வட்டமாகக் குங்குமம். அந்தக் குங்குமத்தை இரண்டு தடவை பார்த்தேன். அண்ணன் நெற்றி காலி. இந்த இரண்டு நெற்றிகளும் நாற்பது வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கின்றன என்பது எனக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

"உக்காருங்கண்ணே. அக்கா, உக்காருங்க. குடிக்கத் தே தாரிக் சொல்லட்டுமா? கல்யாணத்துக்கு மழை வராதுன்னு நெனைக்கிறேன். வந்தாலும் நல்லதுதான், கிள்ளான்ல வெள்ளம் வந்தா மாப்பிள்ளை ஓடிப்போக முடியாது பாருங்க."

அக்கா சிரித்தார். என் மனைவி பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தாள்.

"படத்தைக் குடு, தம்பி" என்றார் அண்ணன்.

மேசைமேல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தேன். எங்கிருந்து எனக்கு அந்த யோசனை வந்ததோ! சவக்கிடங்கு மாதிரி இருந்தது. துணியை எடுத்தேன். எடுத்துக்கொண்டே பேசினேன், ஆயுத பூஜை, சந்தனம், வேகம், கண்ணாடி வராதது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ரப்பர் போட்டியா?"

"இல்லண்ணே. ரொட்டி."

"ரொட்டியா?"

"வெள்ளை ரொட்டி" என்றேன், கோதுமை ரொட்டியாக இருந்தால்தான் குற்றம் என்பதுபோல்.

"உனக்கு நெத்தியைப் பாத்தா கை சும்மா இருக்காதா?"

"எல்லாத்துக்கும் வெச்சேண்ணே. கார்டு மெஷினுக்குக்கூட வெச்சேன்."

"கார்டு மெஷின் கடவுள் இல்லன்னு சொல்லிச்சா?"

எனக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் முகத்தில் அது இல்லை. அவர் நிமிர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் கல்யாணம், தம்பி. அது எங்கப்பா கை."

அந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை. மன்னிச்சிடுங்கண்ணே என்று சொன்னேன். அதுவும் சரியாகக் கேட்டிருக்காது, மேலே மோனோரெயில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அக்கா சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

"நீ எதுக்கு இப்ப சிரிக்கிற?" என்றார் அண்ணன்.

"அத்தையை நெனைச்சேன்."

"எங்கம்மாவையா? அவங்களுக்கு என்ன இங்க?"

அக்கா பைகளைக் கீழே வைத்தார். "நான் கல்யாணம் ஆகி உங்க வீட்டுக்கு வந்தப்ப படத்துக்கு ஏதுங்க கண்ணாடி? அட்டையில கிளிப்பு போட்டு ஆணியில மாட்டியிருந்துச்சு. வெள்ளிக்கிழமையானா மாமா மரம் வெட்டப் போனதும் அத்தை குளிச்சிட்டு வந்து முதல்ல சாமிக்குப் பொட்டு வெப்பாங்க, அப்புறம் இவருக்கு வெப்பாங்க. ஊருக்கே நல்லது சொன்ன மனுஷன், வெறும் நெத்தியா இருக்கக் கூடாதும்பாங்க."

அண்ணன் வாய் திறந்தபடியே இருந்தது.

"மாமா மத்தியானம் வருவாரு. பாப்பாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பிளேடால சுரண்டுவாரு, மிச்சம் இருந்த சோத்தை உருட்டி ஒத்துவாரு, அப்புறம் காதுல இருக்கிற பென்சிலை எடுத்து நெத்தியைத் திருப்பி வரைவாரு. வரைஞ்சு முடிச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும்."

"இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லயே!"

"நீங்க அப்ப துறைமுகத்துல ஷிப்டு. அத்தை சொல்லாதேன்னாங்க. மாமாவும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லாதேன்னாரு. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டேன். கடைசியில மாமா பிரேம் போட்டாரு பாருங்க, கறையானுக்குப் பயந்துன்னு நெனைச்சீங்களா? அத்தைக்குப் பயந்து."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த வெள்ளைத் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் தாளை மெதுவாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முகம் முழுவதும் தடிப்பாக இருக்க, நெற்றி மட்டும் மெலிந்து, வெயில் அதன் வழியாக வந்தது. எத்தனை வெள்ளிக்கிழமைகளோ! நான் அழித்த கோடுகளும் அப்படியானால் முதல் கோடுகள் இல்லை. ஏதோ ஒரு கடைசி வெள்ளிக்கிழமையின் கோடுகள்.

"எத்தன கோடு போடுவாரு?" என்று கேட்டார் அண்ணன்.

"அது அன்னைக்கு இருக்கிற கோபத்தைப் பொறுத்தது" என்றார் அக்கா. "மூணும் இருக்கும், நாலும் இருக்கும்."

நான் 2பி பென்சில் ஒன்றைச் சீவி, பிடிபட்டவன் கத்தியை ஒப்படைப்பதுபோல், மேசைமேல் வைத்துத் தள்ளினேன்.

"எனக்கு வரையத் தெரியாது" என்றார் அவர். "அப்பா என்னைப் பக்கத்துலயே விடமாட்டாரு. பென்சில் சீவத்தான் விடுவாரு."

"மரம் வெட்டினவருக்கு மட்டும் யாரு கத்துக் குடுத்தா?" என்றார் அக்கா. "போடுங்க. நேரமாகுது, பூக்காரன்கிட்ட வேற போகணும்."

என் கோடுகள் பதறிக் கிடந்த அதே பேப்பரில் அவர் பழகினார். முதலில் போட்டவை என்னுடையதைவிட மோசம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அது கிரேன் ஓட்டிய கை. கப்பலின் வயிற்றுக்குள் கன்டெய்னரை முட்டை வைப்பதுபோல் இறக்கிவைத்துப் பழகிய கை. பத்துப் பதினைந்து கோடுகளுக்குப் பிறகு அதற்குப் புத்தி வந்துவிட்டது. தோளிலிருந்து இல்லாமல் விரல் நுனியிலிருந்து இறக்க ஆரம்பித்தார்.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றார்.

மின்விசிறியை நிறுத்தினேன். வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து, "பாஸ், பிரேம்..." என்று ஆரம்பித்தார். என் மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும், ஏதோ ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்தவர்போல் அப்படியே நின்றுவிட்டார். முதல் கோடு இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது கோட்டின் கடைசியில் கை ஒரு நூல் மேலே போய்விட்டது.

அண்ணன் பென்சிலை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "மூணாவது கோணலா இருக்கு."

"மாமா போட்டதும் கோணல்தான்."

"மஞ்சளா வேற தெரியுது, அந்த இடம்."

"கல்யாண வீட்டுக்குத்தானே போறாரு. இருக்கட்டும்."

அண்ணன் அக்காவை முறைத்தார். கறுப்புச் சட்டைக்குரிய முறைப்பு. அது பாதியில் தளர்ந்து, மீசைக்குக் கீழே சிரிப்பாகிவிட்டது. "ரெண்டு பேரும் கூட்டு" என்றார், யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. செத்துப்போன தன் அம்மாவையும் எதிரே நிற்கும் மனைவியையும் சொன்னாரோ, அல்லது என் மனைவியைச் சேர்த்தாரோ! என்னைச் சேர்க்கவில்லை என்பது மட்டும் உறுதி. நான் எந்தக் கட்சியிலும் சேர்க்கத்தக்க ஆள் இல்லை.

என் கைக்கு வேறு ஏதாவது யோசனை வருவதற்குள் கண்ணாடியைப் போட்டு, பின்னட்டையை வைத்து, ஆணி அடித்து, டேப் ஒட்டி முடித்தேன். இருபது வருஷத்தில் நான் போட்ட வேகமான பிரேம் அதுதான். அண்ணன் பணத்தை எடுத்தார். வேண்டாம் என்றேன். வாங்கிக்கொள் என்றார். என் மனைவி வேண்டாம் என்றாள். அவர் பணத்தை உள்ளே வைத்துவிட்டார். யார் முதலாளி என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் வரணும்" என்றார். "படத்தை நீயே கொண்டாந்து மாட்டு, தம்பி. ஆனா கையைக் கழுவிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை பெடரல் நெடுஞ்சாலையில் வேனை நான் ஓட்டிய வேகத்துக்குச் சைக்கிள்கள் என்னை முந்தியிருக்கலாம். மனைவி படத்தை மடியில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டிருந்தாள். கிள்ளானில் மண்டபம் ஒரு பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடி. மேடையில் அக்கினி இல்லை, கலசம் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு மேசைமேல் இரண்டு மாலை. மாட்டுகிற வேலை என் தொழில். நேராக இருக்கிறதா என்று பாய் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். அக்கா முன்வரிசையில் பட்டுச் சேலையில் நின்று, சரியென்று தலையாட்டினார்.

வந்தவர்களில் பாதிப் பேர் கறுப்புச் சட்டை, பாதிப் பேர் விபூதி. யாரும் யாரையும் திருத்தவில்லை. எல்லாரும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். மைக் பிடித்தவர் ஒரு பெரியவர். ஆணும் பெண்ணும் சமம், இருவரும் நண்பர்கள் என்று சுருக்கமாகப் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவிக்கு அதைவிடப் பிடித்திருந்தது; பேச்சின் நடுவில் இரண்டு முறை என் பக்கம் திரும்பினாள்.

"இப்போது மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள்" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை மாலையைத் தூக்கிவிட்டான். பெண்ணும் தன் மாலையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் எதிரே நின்ற மாப்பிள்ளையைப் பார்க்காமல், படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, தாத்தா படம் என்ன இன்னைக்கு வேற மாதிரி இருக்கு?"

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுவதற்கும் கேட்டது. வாயில் ஒரு ஜோக் தயாராகிக்கொண்டிருந்தது. மனைவி என் காலை அழுத்தி மிதித்தாள்.

அண்ணன் மேடையேறி மகள் பக்கத்தில் போய் நின்றார். "நெத்தியில கொஞ்சம் நான் கை வெச்சிருக்கேன்மா."

"நீங்களா? நீங்க வரைவீங்களா?"

"நேத்துல இருந்து."

அவள் மாலையைக் கையில் பிடித்தபடியே படத்தின் பக்கத்தில் போனாள். "எதுப்பா, எந்தக் கோடு?"

மைக் பிடித்தவர் ஒருமுறை கனைத்தார், இன்னொருமுறை கனைத்தார். மாப்பிள்ளை தூக்கிய மாலையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பாவம், கை வலித்திருக்கும். அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. கண்ணாடிமேல் விரலை வைத்து, முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தார்.